கொடுக்காமல் விட்ட பாராமீட்டர்

ஏஇஎஸ் குறியாக்கத்தில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. ஆர்எஸ்ஏ-வும் அப்படித்தான். இருந்தும் வானகரத்திலிருந்து அயனம்பாக்கம் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் வரை, அந்தப் பக்கம் ஆவடியிலும், பில் போடும் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் குறியாக்க லைப்ரரி என் கைவேலை. கணக்கையெல்லாம் போடுவது உள்ளே இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல். எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் தொண்ணூறுகளின் நடுவில் எழுதிய நிரலிலிருந்து 1998 கடைசியில் கிளைத்தது அது. அதன்மேல் போர்த்திய மெல்லிய தோல் மட்டும்தான் எங்களுடையது.

"அப்போ நீ என்னதாம்மா பண்றே?" என்று ஒரு பிளேட்டிங் கம்பெனி முதலாளி கேட்டார். வருஷ மெயின்டனன்ஸுக்கு செக் எழுதும் நேரத்தில் கேட்டதால் சிரித்து மழுப்ப முடியவில்லை. நியாயமான கேள்வியும்கூட.

இந்த வேலைக்கே காரணம் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் ஜிஎஸ்டி முறை. 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமானது. பிறகு 100 கோடி, 50, 20, 10 என்று படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 அன்று 5 கோடிக்கு வந்து நின்றது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் எஸ்டேட்டில் இன்னொரு வரிசை ஷெட்டுகள் வலைக்குள் வந்தன. முதலில் பெரிய கார் கம்பெனிகளுக்கு நேரடியாக சப்ளை செய்பவர்கள், பிறகு அவர்களுக்கு சப்ளை செய்பவர்கள், கடைசியில் நாலு லேத்தும் ஒரு பிரஸ்ஸும் வைத்து நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். எல்லோருடைய பில்லிலும் 64 எழுத்து ஐஆர்என் வேண்டும். ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இவற்றைச் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256-இல் அரைத்தால் வருவது அது. கூடவே அரசு போர்ட்டல் கையெழுத்திட்ட கியூஆர் கோடு ஒன்று.

எங்களிடம் வந்துசேரும் பழைய பில்லிங் புரோகிராம்களைத் திறந்து பார்த்தால், குறியாக்கம் என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. சாவி நிரலுக்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய ஐவி என்ற தொடக்க எண்ணின் இடத்தில் வரிசையாகப் பதினாறு பூஜ்யம். ஒரே கம்பெனியில் மூன்று புரோகிராம் இருந்தால் மூன்று விதமாக இருக்கும். இதற்கெல்லாம் ஒரே இடம் வேண்டும் என்றுதான் லைப்ரரி தொடங்கினோம்.

வெளியே தெரியும் முக்கிய ஃபங்ஷன்கள் ஐந்து. தரவை மூடு, திற, கையெழுத்திடு, கையெழுத்தைச் சரிபார், கடவுச்சொல்லிலிருந்து சாவி செய். அவ்வளவுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எந்த முறை, எந்த மோட், எத்தனை பைட் நான்ஸ் (ஐவி-யின் இன்னொரு பெயர்), தரவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டேகை எப்போது கேட்பது என்று எல்லாவற்றையும் கூப்பிடுபவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் 'மூடு' ஃபங்ஷனுக்கு சாவியும் தரவும் கொடுத்தால் போதும். உள்ளே ஏஇஎஸ்-256 ஜிசிஎம் ஓடுகிறது, 12 பைட் நான்ஸை லைப்ரரியே ரேண்டமாக எடுத்துத் தரவோடு சேர்த்துத் திருப்பித் தருகிறது. நான்ஸை வெளியிலிருந்து கொடுக்க வழியே கிடையாது.

அந்த வழி வேண்டும் என்று கேட்காத புரோகிராமர் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வாரமே வந்தான்.

"அக்கா, ஐவி-ய வெளியிலேர்ந்து குடுக்கற மாதிரி ஒரு ஆப்ஷனல் பாராமீட்டர் வெச்சா டெஸ்ட் எழுத ஈஸியா இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவுட்புட் மாறுது, எதோட கம்பேர் பண்றது?"

"திறக்கறத டெஸ்ட் பண்ணு. மூடறத மூடித் திறந்து பாரு."

"ஒரே ஒரு பாராமீட்டர்தானேக்கா."

ஒன்றேதான். ஆனால் ஜிசிஎம்மில் ஒரே சாவிக்கு ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்துவிட்டால், இரண்டு செய்திகளின் வேறுபாடு வெளியே வந்துவிடும். அதைவிட மோசம், டேகைப் பொய்யாகச் செய்யத் தேவையான உள்சாவியையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆப்ஷனல் என்று வைத்த பாராமீட்டரை டெஸ்ட்டுக்கு மட்டும் யாரும் பயன்படுத்துவதில்லை. டெஸ்ட் நிரல்தான் நாளைக்கு இன்னொருவர் காப்பி எடுக்கும் மாதிரி நிரல்.

எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓடும் ஷெட்டுக்குள் போனவர்களுக்கு இது தெரியும். மெஷினுக்கு இரண்டு பட்டன், தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ரேம் இறங்கும், டைக்குள் கை இருக்க வழியில்லை. ஆனால் உற்பத்தி வேகத்துக்காக ஒரு பட்டனைக் கம்பியால் கட்டிவைத்து ஒற்றைக் கையில் ஓட்டிய ஷெட்டுகளும் உண்டு, விரல் போன ஆட்களும் உண்டு. கட்டிவைக்க ஒரு பட்டன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது கட்டத்தான் செய்வார்கள். 'சர்டிஃபிகேட் சரிபார்க்காதே' என்று ஒரு ஸ்விட்ச் பல லைப்ரரிகளில் இருக்கிறதே, அதுவும் இதே ஜாதி. எங்களுடையதில் அது இல்லை. அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமல்ல.

டெஸ்ட் விஷயத்தை வேறு விதமாகத் தீர்த்தோம். கூகுளில் டேனியல் ப்ளைகன்பாக்கரும் சிலரும் சேர்ந்து 2016 டிசம்பரில் வெளியிட்ட 'வைச்சிப்ரூஃப்' என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உள்ள மிகச் சின்ன மலையின் பெயர். ஏறி முடித்துவிடக்கூடிய மலை வேண்டும் என்று அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்களாம். கெட்ட டேக், வெட்டப்பட்ட கையெழுத்து, விளிம்பில் நிற்கும் எண்கள் என்று வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும் உதாரணங்கள் அதில் நிறைய. 'திற'வையும் 'சரிபார்'ப்பையும் அவற்றால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த பில்டும் வெளியே போகும்.

இப்படிப்பட்ட தோலுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கேட்டால் சப்பென்று இருக்கும்: திரும்பி வரும் எண்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் மூன்று விதமான பதில் சொல்லும். சரியென்றால் 1. தவறென்றால் 0. சரிபார்க்கவே முடியாமல் வேறு ஏதாவது ஆகிவிட்டால் கழித்தல் 1. சி மொழியில் பூஜ்யம் அல்லாத எதுவும் 'ஆமாம்'. ஆகவே 'பூஜ்யமா?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் நிரலுக்கு, உருக்குலைந்த ஒரு கையெழுத்தைக் கொடுத்தால் கழித்தல் 1 வரும், நிரல் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். கையெழுத்தைப் பொய்யாகப் போடத் தெரிய வேண்டாம், படிக்கமுடியாதபடி போட்டால் போதும். 2009 ஜனவரி 7 அன்று இது வெளியானபோது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த நிரலுக்குள்ளேயே இதே தவறு இருந்தது. டொமைன் பெயர்களைத் தேடித்தரும் பைண்ட் போன்ற மென்பொருள்களும் மாட்டின. அந்தக் கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. கணிதம் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்ட இடத்தில்தான் ஓட்டை.

எங்கள் 'சரிபார்' அதனால் எண்ணே தருவதில்லை. கையெழுத்து சரியாக இருந்தால் உள்ளே இருந்த தரவைத் தரும், இல்லாவிட்டால் எக்செப்ஷன் எறிந்து நின்றுவிடும். சரிபார்த்த முடிவைப் பார்க்க மறந்துவிட்டுத் தரவை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் தரவு கையில் வருவதே சரிபார்த்த பிறகுதான்.

இது வெறும் கொள்கை இல்லை என்பதை ஒரு கியூஆர் கோடு காட்டியது. ஒரு கம்பெனியின் கேட்டில், சரக்கு உள்ளே வரும்போது பில்லின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய ஓர் ஆப் வைத்திருந்தார்கள், வேறு யாரோ செய்துகொடுத்தது. ஸ்கேன் செய்தால் பச்சை டிக் விழும். அந்தக் கியூஆரில் இருப்பது புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள்: தலைப்பு, தரவு, கையெழுத்து. நடுத்துண்டைப் பிரித்தால் விற்பவர், வாங்குபவர், பில் எண், தேதி, தொகை, ஐஆர்என் எல்லாம் படிக்கக் கிடைக்கும். அந்த ஆப் நடுத்துண்டைப் படித்துத் தொகையைக் காட்டியது. மூன்றாவது துண்டைத் தொடவே இல்லை. கையெழுத்தில் ஒரே எழுத்தை மாற்றி நானே ஒரு கியூஆர் அச்சடித்துக் காட்டினேன். பச்சை டிக். செக்யூரிட்டி பெரியவர், "இது தெரியாமத்தான் தினம் ஸ்கேன் பண்றனா மேடம்?" என்றார்.

மூன்றாவது துண்டைச் சரிபார்த்தாலும் ஒரு கண்ணி உண்டு. எந்த முறையில் கையெழுத்திட்டது என்று முதல் துண்டே சொல்லும். அதை நம்பிச் சரிபார்க்கும் லைப்ரரிகள் 2015இல் அம்பலப்பட்டன: 'கையெழுத்தே இல்லை' என்று தலைப்பில் எழுதினால் சரி என்று விட்டன சில. ஆர்எஸ்ஏ-வுக்குப் பதில், ரகசியச் சாவி ஒன்றால் மட்டும் இயங்கும் ஹெச்மேக் என்று எழுதினால், ஊருக்கெல்லாம் தெரிந்த பொதுச்சாவியையே ரகசியச் சாவியாக வைத்துச் சரிபார்த்தன வேறு சில. எந்தப் பூட்டு என்று வந்தவனிடமே கேட்பது. எங்களுடையதில் ஒவ்வொரு பொதுச்சாவியோடும் அதற்குரிய முறை கட்டப்பட்டிருக்கிறது. தலைப்பு வேறு சொன்னால் அங்கேயே முடிந்தது.

மறுப்பதையே தொழிலாக வைத்திருந்தாலும் எல்லா இடத்திலும் மறுக்க முடியாது. இ-இன்வாய்ஸ் போர்ட்டலோடு புரோகிராம்கள் பேசும் ஏபிஐ-க்கு ஏஇஎஸ்-256 இசிபி மோட் வேண்டும். ஒரே மாதிரியான 16 பைட் துண்டுகள் குறியாக்கத்துக்குப் பிறகும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இசிபி-யை நான் பொதுவாக வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. இங்கே மொத்தமும் ஏற்கெனவே குறியாக்கிய டிஎல்எஸ் குழாய்க்குள் போவதால் பெரிய ஆபத்து இல்லை. ஆகவே அதைத் தனி மாட்யூலில் வைத்து, மோடின் பெயரைச் சொல்லாமல், அந்த ஏபிஐ-யின் பெயரையே ஃபங்ஷனுக்கு வைத்துவிட்டேன். வேறு காரியத்துக்கு எடுத்துப் பயன்படுத்த கை கூச வேண்டும்.

பிழைச்செய்தி பற்றி எனக்கும் சப்போர்ட்டில் உட்காருகிறவர்களுக்கும் தீராத வழக்கு. 'திற' தோற்றால் ஒரே செய்திதான்: திறக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லாது. கடைசித் துண்டை நிரப்பும் பேடிங் தவறா, வேறு தவறா என்று சர்வர் பிரித்துச் சொன்னால் அதையே கேட்டுக் கேட்டு முழுச் செய்தியையும் திறந்துவிடலாம் என்று 2002இல் செர்ஜ் வோடனே காட்டினார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதே மௌனத்தை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பது முட்டாள்தனம். உதாரணம் பிஎஃப்எக்ஸ் ஃபைல். வங்கி கொடுத்த சர்டிஃபிகேட்டும் சாவியும் கடவுச்சொல் போட்டு அதில் இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான இலவச ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிய இருந்ததால் 3.0-க்கு மாறிக்கொண்டிருந்தோம். சோதனையிலேயே, நேற்று வரை திறந்த பிஎஃப்எக்ஸ்கள் மாட்டேன் என்றன. பழைய விண்டோஸில் ஏற்றுமதி செய்த ஃபைல்களில் சர்டிஃபிகேட் பகுதி 40 பிட் ஆர்சி2-வில் மூடப்பட்டிருக்கும். 3.0 அந்தக் கிழட்டு முறைகளை 'லெகசி' என்று ஒதுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டது, கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். கிடைத்த செய்தி 'அன்சப்போர்ட்டட்'. இதை அப்படியே 'திறக்க முடியவில்லை' என்று மாற்றி அனுப்பினால், அக்கவுன்டன்ட் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பார். இங்கே எதிரி யாரும் இல்லை, அவர் ஃபைல், அவர் மேஜை. ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் லைப்ரரி விரிவாகப் பேசும்: கடவுச்சொல் தவறு, ஃபைல் பழைய முறை, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று தனித்தனியாக. லெகசியைத் திறந்துவிட்டது பிஎஃப்எக்ஸ் படிக்கும் அந்த ஃபங்ஷனுக்குள், தனி காண்டெக்ஸ்டில் மட்டும். படித்தவுடன் புதிய முறையில் மூடி இன்னொரு ஃபைல் எழுதித் தரும். மொத்தமாக லெகசியை இயக்கிவிட்டிருந்தால் இரண்டு வரி வேலை. ஆர்சி4-ம் பழைய டெஸ்ஸும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ் புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் ஃபைலான டிஎல்எல்லின் கதையும் சொல்ல வேண்டும். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் விண்டோஸில் லிப்ஈஏஒய்32 என்ற பெயரில் வரும். எரிக் ஏ. யங்கின் முதலெழுத்துகள் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கின்றன, அவர் அந்த வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும். கண்ட மென்பொருளெல்லாம் தன் காப்பியை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். எடைமேடை மென்பொருள், வருகைப்பதிவு மெஷின், பிரின்டர் டிரைவர் என்று யார் வேண்டுமானாலும். வேறொருவரின் கணக்குப் புரோகிராமுக்குள் பிளக்-இன்னாக நுழையும்போது, விண்டோஸ் முதலில் தேடுவது அந்தப் புரோகிராமின் ஃபோல்டரில். அங்கே கிடைக்காவிட்டால் சிஸ்டம்32-இல் கிடக்கும், யாரோ எப்போதோ போட்ட காப்பி வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது பத்து வருஷப் பழசு. எந்தக் குறியாக்கத்தைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாத நிலை. அதனால் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எங்கள் டிஎல்எல்லுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைத்துவிட முடிவெடுத்தோம்.

அந்த முடிவுக்கு விலை உண்டு, வருஷக் கட்டணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை அடைத்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் வந்து எங்களைக் காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் நாங்களே பில்ட் செய்து, சோதித்து, ஒவ்வொரு ஷெட்டுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். 2022 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25, ஓப்பன்எஸ்எஸ்எல் குழு அறிவித்தது: நவம்பர் 1 அன்று 3.0.7 வருகிறது, 'கிரிட்டிகல்' தரத்தில் ஓட்டை, விவரம் அன்றைக்குத்தான். கிரிட்டிகல் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்ப்ளீட் ஓட்டையின் நினைவு. அப்போது, உலகமே சாய்ந்துகொண்டிருந்த அந்த லைப்ரரிக்கு முழுநேர ஆள் ஒருவர்தான், வருஷ நன்கொடை சுமார் 2,000 டாலர் என்ற செய்தியும் சேர்ந்து வெளிவந்தது. எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டின் வருஷ வாடகைகூட அதற்கு மேல் வரும். நானும் அந்தச் சங்கிலியில்தான் சம்பாதிக்கிறேன் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேச எனக்குக் கூச்சம்.

அந்த ஒரு வாரம் நாங்கள் செய்தது பட்டியல். எந்த வாடிக்கையாளரிடம் 3.0, யாரிடம் இன்னும் 1.1.1, யார் கம்ப்யூட்டரை ரிமோட்டில் தொடலாம், யாரிடம் பைக்கில் போக வேண்டும். நவம்பர் 1 சென்னையில் கொட்டிய மழைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை. புதிய வெர்ஷன் நம் நேரப்படி இரவில் வந்தது. தரம் 'ஹை' என்று ஒரு படி இறக்கப்பட்டிருந்தது, 1.1.1-க்குப் பாதிப்பே இல்லை. ஓட்டை இருந்த இடம் ப்யூனிகோட் நிரல்: தமிழ் போன்ற எழுத்துகளில் உள்ள டொமைன் பெயர்களை ஆங்கில எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை. நம் எழுத்துக்கு இடம் செய்யச் சேர்த்த நிரலில் நாலு பைட் வழிந்திருந்தது. எல்லா ஷெட்டுக்கும் மாற்றி முடிக்க அந்த வாரக் கடைசி ஆயிற்று.

தமிழ் எழுத்து இன்னொரு விதத்திலும் எங்களைச் சுற்றவைத்திருக்கிறது. டெலிவரி சலான் விவரங்களை ஒரு கம்பெனி தன் ஜாப் ஒர்க் ஆட்களுக்குக் கையெழுத்திட்டு அனுப்பும், அங்கே சரிபார்ப்பார்கள். சில சலான்கள் மட்டும் தோற்றன. எல்லாமே கொரட்டூர் முகவரிகள். இரண்டு பக்கத்துத் திரையிலும் எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது. பையன் இரண்டு பக்கத்துப் பைட்களையும் அச்சடித்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் 'கொ' இப்படி: 224 174 149, 224 175 138. இன்னொன்றில்: 224 174 149, 224 175 134, 224 174 190. முதலாவதில் ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே துண்டாக, ஆறு பைட். இரண்டாவதில் ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி, ஒன்பது பைட். பழைய ஃபான்டில் அடித்த முகவரிகளை யூனிகோடுக்கு மாற்றிய கன்வர்ட்டர், கண்ணுக்குத் தெரிந்தபடி கொம்பையும் காலையும் பிரித்தே எழுதிவிட்டிருந்தது. இடையில் இருந்த இன்னொரு மென்பொருள் அதை ஒழுங்காகச் சேர்த்துவிட, கையெழுத்து உடைந்தது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். எஸ்ஹெச்ஏ-256-க்கு இரண்டும் முற்றிலும் வேறு.

லைப்ரரியே சேர்த்துக்கொண்டால் என்ன என்றார்கள். மாட்டேன் என்றேன். கையெழுத்து பைட்களின் மேல் போடப்படுவது. அதற்குள் வரும் தரவைத் திருத்திக்கொண்டு கையெழுத்திட ஆரம்பித்தால் நாளைக்கு எதற்குக் கையெழுத்திட்டோம் என்று யாருக்கும் தெரியாது. 'கையெழுத்திடு' அன்றிலிருந்து எழுத்துச்சரம் வாங்குவதே இல்லை, பைட் கொடுத்தால்தான் வேலை செய்யும். முகவரியை உள்ளே வாங்கும்போதே சேர்த்துவைப்பது பில்லிங் புரோகிராமின் பொறுப்பு. கடவுச்சொல் மட்டும் விதிவிலக்கு. அதை மனிதர் விரலால் அடிக்கிறார், ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் கீபோர்டு வேறு. அங்கே லைப்ரரியே சேர்த்துவிட்டுத்தான் சாவி செய்கிறது.

பிளேட்டிங் முதலாளிக்கு அன்று நான் இவ்வளவும் சொல்லவில்லை. கியூஆர் கதையை மட்டும் சொன்னேன். செக்கைக் கொடுத்தார்.

இப்போது மேஜையில் இருப்பது அடுத்த மாற்றம். 3.0-க்கான ஆதரவு 2026 செப்டம்பர் 7 வரைதான். 2025 ஏப்ரலில் வந்த 3.5-க்கு 2030 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. குவான்டம் கம்ப்யூட்டருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட முறைகளும் அதில் இருக்கின்றன. 'கையெழுத்திடு'வுக்குள் ஒரு நாள் அவற்றில் ஒன்று போய் உட்கார வேண்டும். வெளியே ஃபங்ஷன் மாறாது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் அளவு மாறும். 2048 பிட் ஆர்எஸ்ஏ கையெழுத்து 256 பைட். புதிய முறைகளில் எம்எல்-டிஎஸ்ஏ என்பதன் மிகச் சின்ன வகையே 2,420 பைட். கியூஆருக்காக எழுத்துகளாக மாற்றினால் 3,227. மிகப் பெரிய கியூஆர் கோடே பைட் கணக்கில் 2,953-க்கு மேல் கொள்ளாது. பில் மூலையில் அச்சடிக்கும் கியூஆருக்கு அரசு என்ன வழி செய்யப்போகிறதோ, அது அவர்கள் பாடு. எங்கள் பாடு, பல கம்பெனிகளின் டேட்டாபேஸில் கையெழுத்துக்கு 512 எழுத்து என்று ஒதுக்கியிருக்கும் ஃபீல்டு. அதை விரிக்கும் ஸ்கிரிப்டைப் பையன் எழுதிக்கொண்டிருக்கிறான். 32 பிட் விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாத ஷெட்டுகளின் பட்டியலை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பெயர் அந்தப் பிளேட்டிங் கம்பெனிதான்.